ஏ.டி. வேலையில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

விமானத்தின் லாக் புக்கில், ஏ.டி. என்ற கட்டாய உத்தரவுக்கு எதிரே, ஒரே ஒரு வரி: "ஏ.டி. செய்யப்பட்டது." கீழே கையெழுத்தும் லைசென்ஸ் எண்ணும். எந்தப் பத்தியைச் செய்தார்கள், என்ன அளவு வந்தது, விமானம் அப்போது எத்தனை மணி நேரம் பறந்திருந்தது, அடுத்த முறை எப்போது என்று ஒன்றும் கிடையாது. புதிதாக ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) லைசென்ஸ் வாங்கி வருகிறவர்களின் பதிவுகளில் இதே வரி திரும்பத் திரும்ப வருகிறது. நாங்களும் எழுதிய வரிதான், அதனால் எரிச்சல் கொஞ்சம் கூடுதல்.

சேஃப்டி வயரைத் தப்பான பக்கம் இழுத்துக் கட்டுவது, டூலை எண்ணாமல் கௌலிங்கை (என்ஜின் உறையை) மூடுவது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறோம். முதல் வருடம் வாங்கும் திட்டிலேயே அவை சரியாகிவிடும். ஏ.டி. விவகாரம் அப்படி இல்லை. தப்பு பல வருடங்கள் காகிதத்துக்குள்ளேயே பதுங்கி இருக்கும்.

ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ் என்பதன் சுருக்கம்தான் ஏ.டி. ஒரு மாடலில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்தால், அதை வடிவமைத்த நாட்டின் விமான ஆணையம் வெளியிடும் கட்டாய உத்தரவு. செஸ்னாவுக்கும் போயிங்குக்கும் அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ., ஏர்பஸ்ஸுக்கு ஐரோப்பாவின் ஈ.ஏ.எஸ்.ஏ. இந்தியாவில் பதிவான விமானமும் தப்ப முடியாது; நம் விமான ஆணையமான டி.ஜி.சி.ஏ.வின் கார்-எம் விதிகளில் எம்.ஏ.303 இதற்காகவே இருக்கிறது. தயாரிப்பாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் தனியாக வரும்போது பெரும்பாலும் பரிந்துரைதான். ஏ.டி. அதன் எண்ணைச் சொல்லி "இப்படிச் செய்" என்றுவிட்டால் அதுவும் சட்டமாகிவிடுகிறது.

10 சதவீதச் சலுகை

கெடுவைக் கொஞ்சம் தாண்டிக்கொள்ளும் இந்தச் சலுகை மெயின்டனன்ஸ் புரோகிராமில் உண்டு. ஏ.டி.யில் கிடையாது, அந்த ஏ.டி.யே எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய.

"எது முந்தையதோ அது"

100 மணி நேரம் அல்லது 12 மாதம், எது முந்தையதோ அது என்று இருக்கும். எல்லோரும் மணி நேரத்தை மட்டும் பலகையில் எழுதி வைக்கிறார்கள். என்ஜினுக்காகக் காத்து மூலையில் நிற்கும் விமானம் வருடத்தில் 40 மணி நேரம்தான் பறந்திருக்கும். பலகையில் இன்னும் 60 மிச்சம் இருக்கும்போதே கெடு முடிந்திருக்கும். இன்னொன்று: வேலையை 92 மணி நேரத்திலேயே செய்துவிட்டால் அடுத்த கெடு 192. பழைய வரிசைப்படி 200 என்று போட்டால் 8 மணி நேரம் சட்டத்துக்கு வெளியே பறந்ததாக ஆகும்.

"தெரிந்த வேலைதானே"

இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்குகிறோம். ஏ.டி.யைப் படிக்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, தலைப்பைப் படிக்கிறார்கள். "சீட் ரெயில் இன்ஸ்பெக்‌ஷனா, தெரியும்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

அந்த சீட் ரெயிலையே எடுத்துக்கொள்வோம். எஃப்.ஏ.ஏ.வின் ஏ.டி. 2011-10-09. 150, 152, 172, 182 என்று செஸ்னாவின் சிறிய விமானங்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் உரியது. 1987இல் வந்த 87-20-03க்குப் பதிலாக வந்தது. காரணம் எளிது: டேக்-ஆஃபில் மூக்கு தூக்கும்போது பைலட்டின் சீட்டை ரெயிலோடு பூட்டும் ஊசி, அதாவது 'பின்', ரெயில் ஓட்டையிலிருந்து நழுவினால் சீட் அப்படியே பின்னால் ஓடும். கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோல் வீலும் கூடவே வரும். தரையிலிருந்து சில நூறு அடியில் மூக்கு மேலும் தூக்கி விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழக்கும். ரடர் பெடல் காலுக்கு எட்டாது.

அளக்க வேண்டியவற்றில் இரண்டு முக்கியம். தேய்ந்த ஓட்டையின் அளவு 0.42 இஞ்சைத் தாண்டக் கூடாது. பின் ஓட்டைக்குள் குறைந்தது 0.15 இஞ்ச், அதாவது 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக, இறங்கியிருக்க வேண்டும். ஓட்டை முன்பின்னாகத்தான் தேயும், ஏனென்றால் சீட் தள்ளுவது அந்தத் திசையில். வெர்னியர் காலிப்பரின் உள்தாடையைக் குறுக்குவாட்டில் வைத்து அளந்தால் எந்த ரெயிலும் பாஸ்தான். புதிதில் இருந்த அளவே வரும்.

பின் விஷயத்தில் நடப்பது இதைவிட மோசம். சீட் சும்மா ரெயில்மேல் உட்கார்ந்திருக்கும் நிலையில் பின்னைப் பார்த்துவிட்டு "நன்றாக இறங்கியிருக்கிறது" என்கிறார்கள். சீட்டின் முன்விளிம்பை மேலே தூக்கி, ஆட்டத்தை எல்லாம் எடுத்துவிட்டு அப்புறம் பார் என்கிறது ஏ.டி. காரணம் இருக்கிறது. ரெயிலின் அடியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் தேய்ந்தால் சீட் மேலே எழும்ப இடம் கிடைக்கும். பின் சீட்டோடு சேர்ந்தது, அதுவும் எழும்பும். ஆள் உட்காராத, தூக்காத சீட்டில் கால் இஞ்ச் காட்டும் பின், தூக்கினால் 0.10க்கு வந்துவிடலாம். ஒருவர் முன்விளிம்பைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் ரெயிலின் மேல்மட்டத்தில் பின்மேல் மெல்லிய மார்க்கரால் கோடு போட்டு, பிறகு பின்னை வெளியே எடுத்து நுனியிலிருந்து கோடு வரை அளப்பது நம்பகமான வழி. அதற்கு முன் ஓட்டைகளை வேக்வம் செய்யுங்கள். கார்ப்பெட் நூலும் மண்ணும் அடைத்துக்கொண்டு பின்னை முழுக்க இறங்க விடாமல் செய்யும். ரெயிலின் நடுச்சுவரிலோ அடிப்பட்டையிலோ விரிசல் இருந்தால் அளவு, கணக்கு எதுவும் வேண்டாம், ரெயிலை மாற்ற வேண்டியதுதான். மேல்பகுதி விரிசலுக்கு மட்டும் படத்தோடு வரம்பு கொடுத்திருக்கிறார்கள்.

"சீட் ரெயில் பார்த்தாயிற்று" என்று எழுதியவர் பொய் எழுதவில்லை. உண்மையாகவே பார்த்தார். ஏ.டி. கேட்டதை மட்டும் செய்யவில்லை.

சின்ன விமானத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். எம்.டி-80 விமானங்களின் சக்கர அறையில், துணை ஹைட்ராலிக் பம்புக்குப் போகும் வயர் கட்டு உரசித் தேய்ந்து தீப்பொறி கிளம்பலாம் என்று எஃப்.ஏ.ஏ. 2006இல் ஏ.டி. 2006-15-15ஐ வெளியிட்டது. வயர்மேல் பாதுகாப்பு உறை போட்டு, சொன்ன இடைவெளியில் நூலால் கட்டி, சொன்ன விதத்தில் கிளாம்ப் போட வேண்டும். 18 மாதக் கெடு 2008 மார்ச்சில் முடிந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானங்களில் இந்த வேலையை முடித்தே வைத்திருந்தது. ஆனால் எஃப்.ஏ.ஏ. ஆட்கள் நேரில் பார்த்தபோது கட்டுகளின் இடைவெளி ஒரு இஞ்சாக இல்லை, கிளாம்ப்கள் சில இடங்களில் தப்பான பக்கம் பார்த்தன. மார்ச் 26ஆம் தேதி விமானங்களை நிறுத்திச் சரிசெய்தார்கள். ஏப்ரலில் மறுபடி பார்த்தபோதும் ஒத்துவரவில்லை. ஏறக்குறைய 300 எம்.டி-80களையும் மறுபடி நிறுத்தி, சில நாட்களில் 3,000க்கும் அதிகமான பயணங்களை ரத்து செய்தார்கள். வயர்கள் ஏற்கெனவே உறைக்குள் இருந்தவைதான். ஒரு இஞ்ச் கட்டுக்கும் ஒன்றே கால் இஞ்ச் கட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் ஹேங்கரில் கேட்கிறார்கள். வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் ஸ்பேனர் பிடித்தவரிடம் இல்லை என்பதே பதில். வேறு மாதிரி செய்யத்தான் வேண்டும் என்றால் மாற்று வழிக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கலாம், ஏ.எம்.ஓ.சி. என்று அதற்குப் பெயர்.

எழுதியவர்கள் பக்கமும் தப்பு உண்டு. புல்லட்டினில் எந்தப் படி உயிர்நாடி, எது வெறும் வசதிக்காக என்று தெரியாதபடி எல்லாம் ஒரே குரலில் இருந்தது. 2008 கூத்துக்குப் பிறகு அமைத்த குழுக்களின் யோசனையில்தான், கட்டாயப் படிகளுக்குப் பக்கத்தில் 'ஆர்.சி.' என்று குறியிடும் வழக்கம் வந்தது. அந்தக் குறி உள்ள படியில் ஒரு நூலளவும் மாற்றக் கூடாது. குறி இல்லாததை வழக்கமான, ஏற்கப்பட்ட முறைகளில் செய்யலாம். குறியே இல்லாத பழைய புல்லட்டின் கையில் வந்தால் எல்லாப் படிக்கும் அந்தக் குறி உண்டு என்று வைத்துக்கொள்வதே பிழைக்கிற வழி.

ஏ.டி.யும் புல்லட்டினும் முரண்பட்டால்? அமெரிக்க விதி 39.27 நேரடியாகச் சொல்கிறது: ஏ.டி. சொல்வதே செல்லும். பல ஏ.டி.களில் புல்லட்டினின் ஒரு பத்தியை மாற்றியோ, நீக்கியோ, கெடுவைக் குறுக்கியோ இருப்பார்கள். புல்லட்டினிலிருந்து மட்டும் டாஸ்க் கார்டு (படிப்படியான வேலைத்தாள்) எழுதினால் அந்த மாற்றம் கார்டில் இருக்காது. அதனால் முதலில் ஏ.டி., பிறகு புல்லட்டின், கடைசியில்தான் கார்டு. கார்டின் ஒவ்வொரு படியோரத்திலும் ஏ.டி. பத்தியின் எண்ணை எழுதுங்கள். எண் போட முடியாத பத்தி மிச்சம் இருந்தால் கார்டில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

லாக் புக் பதிவு இப்படி இருக்கட்டும்: "ஏ.டி. 2011-10-09, சீட் ரெயில் இன்ஸ்பெக்‌ஷன் பத்திகள் அனைத்தும், ஏ.டி.யில் உள்ள முறைப்படி. இடது முன்சீட்: அதிகபட்ச ஓட்டை 0.38 இஞ்ச், குறைந்தபட்சப் பின் இறக்கம் 0.19 இஞ்ச் (முன்விளிம்பு தூக்கிய நிலை). விரிசல் இல்லை. விமானம் 6,412.3 மணி நேரம். அடுத்தது 6,512.3 அல்லது 12 மாதம், எது முந்தையதோ." எண்களை எழுத வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டால் யாரும் அளக்காமல் இருக்க மாட்டார்கள்.

பாகம் இடம் மாறும்போது

என்ஜின், புரொபெல்லர், மேக்னட்டோ போன்றவற்றுக்கான ஏ.டி.யை விமானத்தின் பதிவெண்ணோடு மட்டும் கட்டி வைத்தால், பாகம் இன்னொரு விமானத்துக்குப் போகும்போது கணக்கு இங்கேயே நின்றுவிடும். பாகத்தின் சீரியல் எண்ணோடுதான் அது போக வேண்டும். சவுத்வெஸ்ட் 1380 விபத்து 2018 ஏப்ரல் 17இல் நடந்தது; சி.எஃப்.எம்56-7பி என்ஜினில் 32,000 சைக்கிளை (ஒரு டேக்-ஆஃபும் லேண்டிங்கும் சேர்ந்தது ஒரு சைக்கிள்) தாண்டிய ஒரு ஃபேன் பிளேடு அடியில் முறிந்து ஒரு பயணி இறந்தார். மூன்றே நாளில் வந்த அவசர ஏ.டி. 2018-09-51, 30,000 சைக்கிள் ஓடிய என்ஜின்களின் 24 பிளேடுகளையும் அல்ட்ராசோனிக்கில் பார்க்கச் சொன்னது. அடுத்து வந்த 2018-09-10 பிளேடு பிளேடாகக் கணக்குக் கேட்டது. பிளேடுகள் என்ஜினுக்கு என்ஜின் மாறிக்கொண்டே இருப்பவை. என்ஜினின் சைக்கிளை மட்டும் எழுதி வைத்திருந்தவர்கள் அன்று பழைய ரெக்கார்டுகளைத் தோண்ட வேண்டி வந்தது.

பழைய போல்ட்டைப் பார்த்துப் புது போல்ட்

வேண்டாம். பார்ட்ஸ் கேட்டலாக்கைப் பாருங்கள். 1990 ஜூன் 10இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390இன் முன்கண்ணாடி பறந்து, கேப்டன் பாதி உடம்போடு வெளியே தொங்கினார். கண்ணாடியை மாற்றியவர் கழற்றிய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புது போல்ட் எடுத்திருந்தார். 90இல் 84 போல்ட்கள் 0.026 இஞ்ச் மெலிந்தவை. கழற்றியவையே கேட்டலாக்கில் இல்லாதவை, முன்பு யாரோ தப்பாகப் போட்டவை.

டை பெனிட்ரன்டுக்கு முன் தேய்ப்பது

ஏ.டி. டை பெனிட்ரன்ட் (சாயத்தை ஊற வைத்து விரிசலைக் கண்டுபிடிக்கும் சோதனை) கேட்டால் பூதக்கண்ணாடியால் பார்த்து முடிக்க முடியாது. பெயின்டை உரிக்க வேண்டும், ஆனால் வயர் பிரஷ்ஷாலோ பிளாஸ்டிங்காலோ உரிக்கக் கூடாது. அலுமினியம் மெத்தென்ற உலோகம். தேய்த்தால் விரிசலின் வாய் மூடிக்கொள்ளும், சாயம் உள்ளே போகாது. கெமிக்கல் ஸ்ட்ரிப்பர் போட்டு, நன்றாகக் கழுவி, முழுக்கக் காய விடுங்கள். சாயம் ஊறும் நேரம் டப்பாவில் எழுதியிருக்கும். மிச்சச் சாயத்தை எடுக்கும் ரிமூவரைத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். நேரே பாகத்தின்மேல் அடித்தால் விரிசலுக்குள் இருந்த சாயத்தையும் கழுவிவிடும். அப்புறம் விரிசலிலிருந்து சாயத்தை உறிஞ்சிக் காட்ட வேண்டிய டெவலப்பர் பொடி வெள்ளையாகவே நிற்கும், எல்லோருக்கும் சந்தோஷம்.

"பொருந்தாது"

ஏன் என்று எழுதுங்கள். சீரியல் எண் வரம்புக்கு வெளியே, அந்த மாடல் மேக்னட்டோ இல்லை, இப்படி. நாளைக்கு மேக்னட்டோ மாறினால் அந்தக் காரணம் இருந்தால்தான் ஏ.டி. மறுபடி உயிர்பெறுவது தெரியும்.

எம்.இ.எல்.லில் (எது பழுதாக இருந்தாலும் பறக்கலாம் என்ற பட்டியலில்) தள்ளிப்போடுவது

முடியாது.

தவறிவிட்டது தெரிந்த பிறகும் பறப்பது

கெடு தாண்டிய ஏ.டி. கண்ணில் பட்டால், பாதி பேர் "இன்று இரவு செய்துவிடலாம், சாயங்காலப் பயணம் போகட்டும்" என்பார்கள். சவுத்வெஸ்ட் 2006-07இல் 46 போயிங் 737களில் உடற்சட்ட விரிசல் இன்ஸ்பெக்‌ஷனைத் தவறவிட்டு 59,791 முறை பறந்தது. அது கவனக்குறைவு. ஆனால் தவறியதைத் தானே கண்டுபிடித்த பிறகும் அதே விமானங்கள் 1,451 முறை பறந்ததுதான் விவகாரத்தைப் பெரிதாக்கியது. எஃப்.ஏ.ஏ. 2008இல் 1.02 கோடி டாலர் அபராதம் கேட்டது. 75 லட்சம் டாலரில் முடிந்தது. விதி 39.9இன்படி ஒவ்வொரு பறப்பும் தனித்தனி மீறல்.

விமானம் வெளியூரில் நின்றுகொண்டிருந்தால் செய்ய வேண்டியது: லாக் புக்கில் ஓபன் என்ட்ரி போடுங்கள், கேமோவுக்கு (விமானத்தின் பறக்கும் தகுதியைக் கண்காணிக்கும் அமைப்புக்கு) உடனே சொல்லுங்கள், அங்கேயே வேலையைச் செய்ய ஆளும் கருவியும் வரவழைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பயணிகள் இல்லாமல் ஹேங்கருக்குக் கொண்டுவர டி.ஜி.சி.ஏ.விடம் ஃபெரி அனுமதி கேட்க வேண்டும். அதற்கு முன் அந்த ஏ.டி. ஃபெரியைத் தடை செய்கிறதா என்று கடைசிப் பத்திகளைப் படியுங்கள். சிலது செய்கிறது.