கலோரிக் கணக்கு: உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, காலையில் ஏறி நிற்க ஓர் எடைக் கருவி, இடுப்பை அளக்க ஒரு நாடா, எழுதிவைக்க நோட்டு அல்லது ஆப். வேண்டியது இவ்வளவுதான். ஆனால் முதலாவதை விட்டுவிட்டு மற்ற மூன்றோடு இறங்குபவர்கள்தான் அதிகம். ‘கணக்கு எழுதியும் எடை இறங்கவில்லை’ என்ற புலம்பல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அமெரிக்காவில் 1992-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. நாளுக்கு 1200 கிலோகலோரிக்கும் (பேச்சில் ‘கலோரி’ என்பது இதுதான்) குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் உடல் உண்மையில் செலவழித்ததை அளந்தார்கள். வளர்சிதை மாற்றத்தில் கோளாறு எதுவும் இல்லை. சாப்பிட்டதில் பாதிக்குச் சற்று மேல்தான் எழுதியிருந்தார்கள். உடலுழைப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் கூட்டியிருந்தார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று எண்ண வேண்டாம். கண்ணளவும் ஞாபகமும் எல்லோரையும் ஒரே பக்கமாகத்தான் ஏமாற்றும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் தாங்களாகக் கலோரி குறைக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது சல்ஃபோனிலூரியா வகை மாத்திரை எடுப்பவர்கள் உணவைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவைச் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும்.

முதல் எண்: கையில் இருக்கும் ஊகம்

உடல் எடை மாறாமல் இருக்க நாளுக்கு எத்தனை கிலோகலோரி தேவை? பரவலாகப் பயன்படுவது 1990-இல் வந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம். எடையை கிலோவில் எடுத்து 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். இது அசையாமல் படுத்திருந்தாலும் ஆகும் செலவு. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை என்றால் இதை 1.2-ஆலும், வாரத்தில் சில நாள் லேசான பயிற்சி இருந்தால் 1.375-ஆலும், பெரும்பாலான நாட்களில் மிதமான பயிற்சி இருந்தால் 1.55-ஆலும் பெருக்க வேண்டும்.

80 கிலோ எடை, 170 செ.மீ. உயரம், 35 வயது, ஆண்: 800 + 1062.5 − 175 + 5, அதாவது சுமார் 1690. இதை 1.375-ஆல் பெருக்கினால் சுமார் 2325. இதில் 500 குறைத்து 1825 என்று தொடங்கலாம். எல்லோரும் தம்மைக் கொஞ்சம் சுறுசுறுப்பானவர்களாகவே நினைத்துக்கொள்வதால், இரண்டு பெருக்கெண்களுக்கு நடுவே சந்தேகம் வந்தால் சிறியதை எடுங்கள்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7700 கிலோகலோரி இருக்கிறது. நாளுக்கு 500 குறைந்தால் வாரத்துக்கு 3500, அதாவது கிட்டத்தட்ட 450 கிராம். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை இறங்குவது தாங்கக்கூடிய வேகம். மருத்துவ மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1200-க்கும் ஆண்கள் 1500-க்கும் கீழே போக வேண்டாம். உடல் பருமன் குறைவாக இருப்பவர்களுக்கு 500 கூட அதிகம், 300 போதும்.

எடை போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது

எண்ணெயிலிருந்து தொடங்குவோம், கணக்கு அதிகம் ஓட்டையாவது அங்கேதான். கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரி, புரதமும் மாவுச்சத்தும் 4, மது 7. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120. ‘கொஞ்சம்’ என்று வாணலியைச் சுற்றி ஊற்றுவது இரண்டு கரண்டியைச் சுலபமாகத் தாண்டும். இதற்கு ஒரு சின்ன உத்தி உண்டு. எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து டேர் பொத்தானை அழுத்துங்கள், திரையில் பூஜ்யம் வரும். பாட்டிலை எடுத்து வழக்கம்போல் ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். −18 என்று காட்டினால் ஊற்றியது 18 கிராம். 9-ஆல் பெருக்கினால் 162. கரண்டியும் கழுவ வேண்டாம். வெண்ணெய், தேன், கொட்டைகள், ஜாடியிலிருந்து எடுக்கும் எதற்கும் இதே வழிதான்.

ஒரே பாத்திரத்தில் வீட்டுக்கே சமைப்பதை எப்படிக் கணக்கிடுவது? காலிப் பாத்திரங்களை ஒருமுறை எடை போட்டு எண்களைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 1140 கிராம் பாத்திரத்தில் ஒரு குழம்பு என்று வைத்துக்கொள்வோம். பருப்பு பச்சையாக 200 கிராம், சுமார் 680. எண்ணெய் 30 கிராம், 270. காய்கறிகள் 400 கிராம், 120 என்று கொள்ளலாம். மொத்தம் 1070. வெந்து இறக்கியதும் பாத்திரத்தோடு 2480 கிராம் காட்டுகிறது. பாத்திரத்தைக் கழித்தால் 1340. ஆக 100 கிராமுக்கு 80. உங்கள் கிண்ணத்தில் 250 கிராம் விழுந்தால் 200 கிலோகலோரி. மற்றவர்கள் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்ற கவலையே வேண்டாம். அதே சமையலை ஆப்பில் ஒருமுறை சேமித்துவிட்டால் அடுத்த முறை எண்ணெயையும் மொத்த எடையையும் மட்டும் திருத்தினால் போதும்.

பச்சை எடைக்கும் வெந்த எடைக்கும் உள்ள குழப்பம் அடுத்த பள்ளம். 100 கிராம் அரிசி பச்சையாக 350-க்குச் சற்று மேல். வெந்த சோறாக 130 அளவில்தான், ஏனென்றால் மீதி எடை தண்ணீர். பச்சை எடையை ஆப்பில் ‘வெந்தது’ என்று பதிந்தால் ஒரு வேளையில் 200-க்கு மேல் காணாமல் போகும். இறைச்சியில் இது தலைகீழ்: வேகும்போது தண்ணீர் வெளியேறி எடை குறையும்.

ஆப்பில் இருக்கும் பதிவுகள் பல, பயனர்கள் தாங்களே ஏற்றியவை. நம்புமுன் 4-4-9 சோதனை போடுங்கள். புரதம் 7, மாவுச்சத்து 20, கொழுப்பு 10 கிராம் என்றால் 28 + 80 + 90 = 198 வர வேண்டும். அங்கே 120 என்று இருந்தால் அந்தப் பதிவைத் தொடாதீர்கள். நார்ச்சத்து அதிகமுள்ள உணவில் பத்து இருபது முன்பின் இருப்பது சகஜம். பொட்டலத்தில் கிலோஜூல் அச்சிட்டிருந்தால் 4.184-ஆல் வகுக்க வேண்டும். அதைக் கலோரி என்று படித்துப் பயந்து ஒதுக்குவதும் நடக்கிறது.

வெளியே சாப்பிடும்போது தராசு உதவாது. அதே பெயருள்ள பதிவுகளில் நடுத்தரமான ஒன்றை எடுத்து, சமையல் எண்ணெய்க்காக ஒரு மேசைக்கரண்டி கூடுதலாகப் பதிந்துவிட்டு நகருங்கள். மூன்று நாள் துல்லியமாக எழுதிவிட்டு, வெளியே சாப்பிட்ட நாளை ‘தெரியாது’ என்று காலியாக விடுவதுதான் மோசம். காலியாக விடும் நாட்களே பெரும்பாலும் அதிகம் சாப்பிட்ட நாட்கள்.

வார இறுதியையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஐந்து நாள் 500 வீதம் குறைத்தால் 2500. சனி, ஞாயிறு தேவைக்கு மேல் 900 வீதம் போனால் 1800 திரும்பிவிடும். மிஞ்சுவது வாரத்துக்கு 700, நாளுக்கு 100. ஐந்து நாள் பட்டினி உணர்வு மட்டும் அப்படியே மிச்சம். ஆகவே நாள் இலக்கைவிட வார இலக்கு நல்லது: 1825 × 7 = 12775. விருந்து நாளுக்கு மற்ற நாட்களில் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொள்ளலாம்.

எடைக் கருவி சொல்வதைப் படிப்பது

காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்குமுன், தினமும் ஒரே இடத்தில் கருவியை வைத்து நில்லுங்கள். விரிப்பின் மேல் வைத்தால் எண் தவறும். ஒரு நாள் எண்ணுக்கு அர்த்தமில்லை. ஏழு நாள் சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும். உப்பு மிகுந்த ஓர் இரவு உணவே மறுநாள் ஒரு கிலோ ஏற்றிக் காட்டும், அது தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாகும் மாவுச்சத்தான கிளைகோஜன், கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைச் சேர்த்தே பிடித்துவைக்கிறது. முதல் வாரத்தில் இரண்டு கிலோ ‘கரைவது’ பெரும்பாலும் இதனால்தான், கொழுப்பின் பங்கு கொஞ்சம்தான். பெண்கள் மாதவிடாய்ச் சுழற்சியின் அதே வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

இப்போது முக்கியமான கணக்கு. முதல் வாரத்தைத் தள்ளிவிடுங்கள். இரண்டாம் வாரச் சராசரி 79.1, ஆறாம் வாரச் சராசரி 77.9 என்றால் 28 நாளில் 1.2 கிலோ குறைந்திருக்கிறது. 1.2 × 7700 = 9240; இதை 28-ஆல் வகுத்தால் 330. அதே நாட்களில் நீங்கள் பதிந்த சராசரி உணவு 1830 என்றால், உங்கள் உண்மையான தேவை 1830 + 330 = 2160. சூத்திரம் சொன்ன 2325 உங்களுக்கு 165 அதிகம். இனி 500 குறைக்க வேண்டுமானால் இலக்கு 1660. பசி தாங்கவில்லையா, 1830-லேயே இருந்து மெதுவாக இறங்கலாம், அதுவும் தவறில்லை.

இந்தக் கணக்கின் அழகு வேறொன்று. நீங்கள் தினமும் நூறு கலோரியை எழுத விட்டிருந்தாலும் அந்தப் பிழை இந்த 2160-க்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பதிவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, ஒரே மாதிரி தவறாக இருந்தால் போதும். ஒரு வாரம் எண்ணெயை எடை போட்டு, அடுத்த வாரம் கண்ணளவில் விட்டால்தான் எண் குலையும். எடை நான்கைந்து கிலோ இறங்கும்போதெல்லாம் கணக்கைத் திரும்பப் போடுங்கள். சிறிய உடலுக்குச் செலவும் குறைவு.

பயிற்சி: எரிப்பதற்கு அல்ல, காப்பதற்கு

80 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஆகும் செலவு சுமார் 280 கிலோகலோரி. ஆனால் அந்த ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே 80 முதல் 100 வரை போயிருக்கும். நடையால் கூடுதலாகக் கிடைத்தது 200-க்கும் குறைவு. முப்பது நாற்பது கிராம் கொட்டையில் அது திரும்பிவிடும். கைக்கடிகாரம் 400 என்று காட்டினால் நம்பாதீர்கள். 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணிப்பில் மிகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. அதோடு, 1.375 என்று பெருக்கியபோதே பயிற்சியைச் சேர்த்துவிட்டீர்கள். ஆப் ‘இன்னும் 300 சாப்பிடலாம்’ என்று சொல்வதைக் கேட்டால் ஒரே நடையை இரண்டு முறை எண்ணியதாகும். அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

பிறகு பயிற்சி எதற்கு? உணவை மட்டும் குறைத்தால் இறங்கும் எடையில் தசையும் போகும். எடைப் பயிற்சியும் போதிய புரதமும் சேர்ந்தால் அந்த இழப்பு வெகுவாகக் குறைகிறது. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம்; 80 கிலோவுக்கு 96 முதல் 128 கிராம். இதை ஒரே வேளையில் திணிக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் இந்த அளவு பொருந்தாது, மருத்துவரைக் கேட்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சொல்கிறது. மிதமான வேகம் என்றால் பேச முடியும், பாட முடியாது. இப்போது நாளுக்கு 3000 அடி நடப்பவர் நேராகப் பத்தாயிரத்துக்குத் தாவினால் முழங்காலும் குதிகாலும்தான் வலிக்கும். வாரம் ஆயிரம் ஆயிரமாகக் கூட்டுங்கள்.

தசைப் பயிற்சிக்கு ஐந்து அசைவுகள் போதும்: முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட், புஷ்-அப், எடையைத் தன் பக்கம் இழுக்கும் ரோ, இடுப்பை மடக்கித் தூக்கும் டெட்லிஃப்ட், முழங்கையை ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக நிறுத்தும் பிளாங்க். முதல் நான்கும் மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 முறை. இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை எடையைக் கொஞ்சம் ஏற்றி 8-லிருந்து தொடங்குங்கள். எடை ஏறவேயில்லை, 20 முறை சிரமமில்லாமல் வருகிறது என்றால் அது தசையைக் காப்பாற்றும் பயிற்சி அல்ல, வெறும் அசைவு. தரையில் புஷ்-அப் வராதவர் மேசை விளிம்பில் கை வைத்துத் தொடங்கலாம். செய்யும்போது நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுங்கள்.

புதிதாகப் பயிற்சி தொடங்கிய இரண்டு மூன்று வாரம் எடை நின்றுவிடுவதுபோல் தோன்றும். வலிக்கும் தசை தண்ணீரைப் பிடித்துவைப்பதால் வருவது அது. இடுப்பை நாடாவால் வாரம் ஒருமுறை, தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்டபின் அளந்துவையுங்கள். எடை நின்று நாடா இறங்கினால் எதையும் மாற்ற வேண்டாம். இரண்டும் நான்கு வாரம் நின்றால் முதலில் பதிவைச் சோதியுங்கள்: எண்ணெய், சமைக்கும்போது வாயில் போட்டது, பானத்தில் சர்க்கரை, குழந்தை மிச்சம் வைத்தது. அதெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே நாளுக்கு 100 முதல் 150 குறையுங்கள், அல்லது இரண்டாயிரம் அடி கூட்டுங்கள்.

இலக்கு எடை வந்ததும் பழைய உணவுக்கு ஒரேயடியாகத் திரும்பாமல், வாரத்துக்கு 100 முதல் 150 வரை ஏற்றிக்கொண்டே போய், சராசரி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது முதல் பத்து நாளில் ஒரு கிலோ ஏறலாம். கிளைகோஜனும் அது பிடிக்கும் தண்ணீரும் திரும்பி வருகின்றன. பதறி மறுபடி குறைக்க வேண்டாம், இரண்டு வாரச் சராசரியைப் பாருங்கள். அதன்பின் தினமும் எழுதத் தேவையில்லை. காலை எடையை மட்டும் தொடருங்கள். வாரச் சராசரி இரண்டு கிலோ கூடினால் இரண்டு வாரம் தராசைத் திரும்ப எடுங்கள்.