ஒரே மீன், இரண்டு சட்டி: சரக்குக் கறியும் கறுப்பியின் சோறும்

கார்த்திகை மழை பிடித்தால் எங்கள் வீட்டில் தடிமன் ஆள் மாற்றி ஆளாகச் சுற்றி வரும். போன வருடம் நானும் இரண்டு பிள்ளைகளும் ஒரே கிழமையில் படுத்துவிட்டோம். மூதூரிலிருந்து அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மூக்கை உறிஞ்சிக்கொண்டே நான் அரைத்து வைத்ததுதான் இந்தச் சரக்குக் கறி. பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியமாகக் கொடுப்பது இதைத்தான். தடிமனை மாற்றும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மூக்கடைப்பை இளக்கும், கசந்த வாயில் நாலு கவளம் சோறு இறங்க வைக்கும். அவ்வளவுதான். கறி வைப்பது சுலபம். பூனைக்குப் பங்கு எடுப்பதில்தான் நான் பெரிய பிழை விட்டேன்.

மீன்

சூடை மீன் முக்கால் கிலோ வாங்குங்கள். வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் மீன் விலை ஏறும். அதற்காகப் பத்து மணிக்குப் பிறகு மலிவாகக் கிடைப்பதை அள்ளி வராதீர்கள். சூடை, சூரை போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை இடிக்கும். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, வயிறு வெடிக்காமல் இருக்க வேண்டும். வெட்டிக் கழுவுவது உங்களுக்குத் தெரியும்.

கழுவிய உடனே, அம்மிப் பக்கம் போகுமுன், ஏழெட்டு மீனை வேறு சட்டியில் போட்டுவிடுங்கள். அது பூனைக்கும் நாய்க்கும். ஏன் இப்போதே என்பதைக் கீழே சொல்கிறேன்.

அரைப்பு

மல்லி மூன்று மேசைக்கரண்டி, நற்சீரகம் ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, விரல் மூட்டளவு மஞ்சள் துண்டு, அதே அளவு வேர்க்கொம்பு (சுக்கு), உள்ளி (வெள்ளைப்பூண்டு) பத்துப் பல். செத்தல் மிளகாய் கிடையாது, உறைப்பெல்லாம் மிளகுதான்.

மஞ்சளையும் வேர்க்கொம்பையும் முதல் நாள் இரவே ஊறப் போடுங்கள். நான் ஊறப் போடாமல் கிரைண்டரில் போட்டு, அலகை உடைத்தேன். (இலங்கையில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, 2020 இல் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது கிணற்றடியில் நாலு கிழங்கு நட்டேன். இப்போது கடை மஞ்சளை வீட்டுக்குள் விடுவதில்லை.)

என் கட்சி அம்மிதான். முதலில் மஞ்சளும் வேர்க்கொம்பும், பிறகு மிளகு, மல்லி, சீரகம், கடைசியில் உள்ளி. தண்ணீரைத் தெளிக்க மட்டும் வேண்டும். ஊற்றினால் மல்லித் தோல் குழவிக்கு அகப்படாமல் நழுவி, கறியில் உமிபோல் நாக்கில் நிற்கும். கிரைண்டர்தான் இருக்கிறது என்றால் மல்லியை வெறும் சட்டியில் இலேசாகச் சூடு காட்டி, தூளாக்கிய பின் தண்ணீர் சேருங்கள்.

மண் சட்டியில் மூன்று கோப்பை தண்ணீரில் அரைப்பைக் கரைத்து, உப்பும் நெல்லிக்காயளவு பழப்புளியும் சேர்த்துப் பச்சை மணம் போகக் கொதிக்க வையுங்கள். பிறகு மீன், கறிவேப்பிலை. மீன் போட்டபின் அகப்பை வேண்டாம். சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். எட்டு நிமிடத்தில் இறக்கலாம். தேங்காய்ப்பால் விடுவோரும் உண்டு. தடிமனுக்கு வைக்கும்போது நான் விடுவதில்லை.

பூனைச் சட்டி

போன வருடம் கறி மீனை எடுத்து, குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சோற்றில் பிசைந்து கறுப்பிக்கு வைத்தேன். உறைப்புப் போனால் சரி என்று நினைத்தேன். தொடர்ந்து ஐந்து நாள். ஆறாம் நாள் அவள் மதிலில் ஏறவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு கடதாசிபோல் வெளிறிக் கிடந்தது. சிறுநீரும் கறுத்திருந்தது. மிருக வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி: “உள்ளி, வெங்காயம் ஏதும் கொடுத்தீர்களா?”

உள்ளியும் வெங்காயமும் பூனை, நாய் இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும். பூனைக்குப் பாதிப்பு அதிகம். அவித்தாலும், பொரித்தாலும், தூளாக்கினாலும் நஞ்சு போகாது. மீனுக்குள் ஊறிய சாற்றைக் கழுவியும் எடுக்க முடியாது. அறிகுறி தெரியச் சில நாள் ஆவதால் எதனால் வந்தது என்றே நமக்குப் பிடிபடாது. கறுப்பி பிழைத்துவிட்டாள். மிஞ்சிய குழம்பை நாய்ச் சோற்றில் கவிழ்ப்பது நம் ஊர்ப் பழக்கம். ஜிம்மிக்கு அதையும் அன்றே நிறுத்தினேன். மாமியின் கை மட்டும் இன்னும் சட்டிப் பக்கம் போய்த் திரும்புகிறது.

ஆகவே எடுத்து வைத்த மீனை உப்பில்லாமல், மட்டாகத் தண்ணீர் விட்டு, பிரஷர் குக்கரில் இருபத்தைந்து நிமிடம் வையுங்கள். சூடை முள் விரலில் நசுங்கும் பதம் வரும். வராவிட்டால் இன்னும் சிறிது நேரம். அவித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். பூனைக்கு இன்றியமையாத டோரின் என்ற சத்து அதில் கரைந்து இறங்கியிருக்கும். அதையே சோற்றில் விட்டுப் பிசையுங்கள். ஜிம்மிக்குப் பாதிக்குப் பாதி சோறு. பூனைக்குச் சோறு பெயருக்குத்தான். இது வாரத்தில் இரண்டு நாளைக்குரிய சாப்பாடு. மற்ற நாட்களில் கோழி இறைச்சி, ஈரல் கொஞ்சம், கடைத் தீனி.

பச்சை மீன் தலையை அப்படியே போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தினமும் வேண்டாம். சூடை வகை மீன்களில் பச்சையாக இருக்கும்போது பி1 விட்டமினை அழிக்கும் பொருள் உண்டு. அவித்தால் அது செயலிழக்கும்.

பின்சேர்க்கை: உப்புவெளியிலிருந்து ஒரு அக்கா, காய்ச்சலுக்கும் இந்தக் கறி போதுமா என்று எழுதியிருந்தார். போதாது அக்கா. மழைக்காலக் காய்ச்சல் இங்கே டெங்குவாகவும் இருக்கலாம். இரண்டு நாள் தாண்டினால் ஆஸ்பத்திரியில் இரத்தம் பாருங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை அஸ்பிரின், இபுபுரூபன் தொடாதீர்கள். பரசிட்டமோல் மனிதருக்குச் சரி. பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும். தும்முகிறதே என்று இரக்கப்பட்டு உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொருவர், சூடை கிடைக்காத நாளில் டின் மீன் வைக்கலாமா என்று கேட்டார். கறிக்கு வைக்கலாம், ருசி மட்டம். பூனைக்கென்றால் உப்பையும் பாருங்கள், தக்காளிச் சாற்றில் போட்டதென்றால் வெங்காயம் சேர்ந்திருக்கிறதா என்று டின்னின் பின்பக்கத்தையும் படியுங்கள். கருவாடு வேண்டவே வேண்டாம்.