விண்டோஸ் 11 போட்டதும் பழைய பில்லிங் சாஃப்ட்வேர் திறக்கவில்லையா?

மாமா கடையில் இருபது வருடமாக ஒரே பில்லிங் சாஃப்ட்வேர்தான். விண்டோஸ் 10-ஐ 11-க்கு மாற்றிய மறுநாள் காலை ஏழரைக்கு போன். "டேய், பில்லு போடற ஐகானைத் தட்டினா ஒண்ணுமே வரலடா." அன்று முழுக்க பில்லைக் கையால்தான் எழுதினார்கள்.

முதல் வேலை: சாஃப்ட்வேர் இருக்கும் ஃபோல்டரை முழுசாக பென்டிரைவில் காப்பி எடுங்கள். அதற்கு முன் எதையும் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம். விண்டோஸ் மாற்றி 10 நாள் ஆகவில்லை, அவசரமாக பில் போட்டாக வேண்டும் என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெக்கவரி, அதில் 'கோ பேக்'. பழைய விண்டோஸ் திரும்பிவிடும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே இது தற்காலிகம்தான்.

அடுத்து, ஐகானைத் தட்டியதும் என்ன வருகிறது என்று பாருங்கள். 'திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி' என்று வந்தால் அது பெரும்பாலும் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம். விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். அதில் 16 பிட் ஓடவே ஓடாது. நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள். டாட்நெட் 3.5 (சில பழைய சாஃப்ட்வேர் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்டின் துணை சாஃப்ட்வேர்) வேண்டும் என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள், விண்டோஸே இறக்கிக்கொள்ளும்.

ஒன்றுமே வரவில்லை, அல்லது திறந்து உடனே மூடிக்கொள்கிறது என்றால்: ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. முதல் கட்டத்தில் டிக் போட்டு விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-ஐத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். சரியாகவில்லையா, விண்டோஸ் 7 வைத்துப் பாருங்கள்.

அதே இடத்தில் கீழே 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று ஒன்று இருக்கும். நான் அதையும் சேர்த்து டிக் செய்தேன். சாஃப்ட்வேர் ஜோராகத் திறந்தது. ஆனால் கடைசி பில், அந்தக் கம்ப்யூட்டர் வாங்கிய 2019-உடன் நின்றது! மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பில் எதுவும் அழியவில்லை. பழைய சாஃப்ட்வேர்கள் தங்கள் கணக்கை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அதை அனுமதிப்பதில்லை. சத்தமில்லாமல் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் அந்தத் திருப்பல் கிடையாது. அதனால் சாஃப்ட்வேர் பழைய கணக்கைக் காட்டுகிறது. நான் பென்டிரைவில் எடுத்ததிலும் இந்த ஃபோல்டர் இல்லை.

தேடும் வழி: ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, 'ஹிடன் ஐட்டம்ஸ்'. பிறகு சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர். கிடைத்ததைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் சாஃப்ட்வேரை புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, சி டிரைவில் புது ஃபோல்டரில் மறுபடி இன்ஸ்டால் செய்து, அந்தக் கோப்புகளை அதில் போடுங்கள். ஃபோல்டர் பெயர் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் டிக்கை எடுத்துவிடுங்கள்.

டாஸ் புரோகிராம் வைத்திருப்பவர்களுக்கு, அதை விண்டோஸுக்குள் ஓட்டிக் காட்டும் டாஸ்பாக்ஸ் என்ற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்து, உங்கள் புரோகிராம் கோப்பை இழுத்து அதன் ஐகான்மேல் போட்டால் போதும், ஓடும். ஆனால் சாதா டாஸ்பாக்ஸில் பிரிண்ட் எடுக்க வசதி இல்லை. டாட் மேட்ரிக்ஸில் பில் அடிப்பவர்கள் டாஸ்பாக்ஸ் எக்ஸ் என்ற இன்னொரு வடிவத்தைப் போடுங்கள். அதில் பிரிண்டர் வசதி உண்டு. முதல் பில்லை வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அடித்துப் பாருங்கள், வரிகள் இடம் மாறி விழ வாய்ப்பிருக்கிறது.