7, 11, 13 ஆகியவற்றால் ஒரு பெரிய எண் வகுபடுமா?

பெரிய முழு எண் ஒன்று 7, 11, 13 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடுமா என்பதைத் தனித்தனியே வகுத்துப் பார்க்காமல் ஒரே கணக்கில் அறியலாம். ஏனெனில் இம்மூன்றின் பெருக்கற்பலன் 1001; 1000 அதைவிட ஒன்றே குறைவு என்பதால், எண்ணை மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாறிமாறிக் கழித்துக் கூட்டினால் மீதிகள் மாறுவதில்லை.

1 முதல் 10 வரையான எண்களின் பெருக்கற்பலனாகிய 36,28,800-ஐ எடுத்துக்கொள்வோம். நம் வழக்கப்படி லட்சத்துக்கு இடும் காற்புள்ளி இங்கே குழப்பும் என்பதால், அதை நீக்கிவிட்டு, வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாக 3, 628, 800 எனப் பிரித்து, வலக்கோடித் தொகுதியிலிருந்து தொடங்கிக் கழித்தலும் கூட்டலும் மாறிமாறிச் செய்ய வேண்டும்: 800 − 628 + 3 = 175.

175 என்பது 7-இன் 25 மடங்கு. ஆகவே மூல எண்ணும் 7-ஆல் வகுபடும். 11-ஆல் வகுத்தால் 10, 13-ஆல் வகுத்தால் 6 என 175 தரும் மீதிகளே மூல எண்ணுக்கும் மீதிகளாக அமைகின்றன என்பதுதான் இம்முறையில் எனக்கு மிகவும் பிடித்தது. விடை எதிர்க்குறியுடன் வந்தால் 1001-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.