ஆரத்தித் தட்டிலிருந்து ஓர் ஆன்லைன் வகுப்பு

திருப்பூர்ப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். நான் முதலில் போட்ட ஆன்லைன் பாடம் 40 நிமிட வீடியோ. பாதிப் பேர் திறக்கவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரு பையன் சொன்னான்: "அப்பாவுக்கு ஒன்றரை ஷிப்டுங்க மிஸ். போன் வீட்டுக்கு வர்றதே ஒம்போது மணிக்குங்க. அதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துருதுங்க."

அன்றிலிருந்து பாடத்தை வேறு மாதிரி செய்கிறேன். ஒன்பது மணிக்குக் கைக்கு வரும் போனில் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் பிள்ளை பார்க்க வேண்டும், கையால் செய்ய வேண்டும், ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அமிலம், காரம் பாடத்தை வைத்தே செய்முறையைச் சொல்கிறேன். கையில் ஒரு ஸ்மார்ட்போனும் ஜிமெயில் கணக்கும் இருந்தால் போதும்.

படி 1: ஒரே ஒரு கேள்வி

பாடத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, பிள்ளைக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து கேள்வி எடுங்கள். நான் எடுத்தது: "மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு போட்டா ஆரத்தி ஏன் செவப்பாகுது?" ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த மஞ்சள் விளைகிற மண்ணில் இந்தக் கேள்விக்கு முன்னுரையே வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைத் தொட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு சேர்த்தால் மறுபடி மஞ்சளாகும். இது ஓர் இயற்கை நிறங்காட்டி, அதாவது அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பொருள். ஆனால் இந்த விடையை வீடியோவில் சொல்லிவிடாதீர்கள்.

படி 2: மூன்று நிமிட வீடியோ

இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, மேலே ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, கேமரா கீழே பார்க்கிற மாதிரி போனைப் படுக்க வையுங்கள். அடியில் வெள்ளைத் தட்டு. முகம் தெரிய வேண்டியதில்லை, கை தெரிந்தால் போதும். ஃபேனை நிறுத்துங்கள்; அந்த இரைச்சல் குரலை விழுங்கிவிடும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் நடுவில் அழைப்பு வராது. 720பி தரத்தில் எடுத்தால் டேட்டா குறைவாகச் செலவாகும்.

மஞ்சள் கரைசலைத் தாளில் தடவிக் காயவைத்து, அதில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். சிவக்கும் இடத்தில் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். பிள்ளை யோசிப்பது அந்த ஐந்து விநாடியில்தான். பிறகு, "உங்க வீட்டுல தயிர், புளித்தண்ணி, சோப்புத் தண்ணி மூணையும் சொட்டுவிட்டுப் பாருங்க கண்ணு" என்று சொல்லி முடித்துவிடுங்கள். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து.

வீடியோவை யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்று ஏற்றுங்கள். இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம், தேடலில் வராது.

படி 3: கூகுள் ஃபார்மில் கேள்விகள்

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. புதிய ஃபார்ம் திறந்து, 'செட்டிங்ஸ்' போய் 'மேக் திஸ் எ குவிஸ்' என்பதை இயக்குங்கள். மதிப்பெண் உடனே தெரிகிற மாதிரி வையுங்கள். நான்கு கேள்விக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கேள்வியிலும் 'ஆன்சர் கீ'யைத் தொட்டால், தவறான பதிலுக்கென்று தனியாக விளக்கம் எழுத இடம் இருக்கும். பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். 'தவறு' என்று மட்டும் பார்க்கிற பிள்ளை போனை வைத்துவிடும். "தயிர் புளிக்குமல்லவா? புளிப்பு எதைக் காட்டுகிறது? இன்னொரு சொட்டு விட்டுப் பாருங்க" என்று இருந்தால் அடுக்களைக்கு ஓடும். நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் எனக்குப் பதிலாகப் பேசுவது அந்த வரிதான்.

படத்தை ஏற்றச் சொல்லும் கேள்வியைச் சேர்க்காதீர்கள். அதற்குக் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும், பிள்ளைகளிடம் கணக்கு இருக்காது. தாளின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

படி 4: எல்லாம் ஒரே பக்கத்தில்

வாட்ஸ்அப் குழுவில் போட்ட இணைப்பு, நாலு குட்மார்னிங் வந்ததும் மேலே போய்விடும். அதனால் பிளாகரில் வகுப்புக்கென்று இலவசமாக ஒரு வலைப்பூ தொடங்குங்கள். ஒரு பாடத்துக்கு ஒரு பதிவு. யூடியூபிலும் ஃபார்மிலும், அவற்றைப் பதிவுக்குள்ளேயே காட்டும் 'எம்பெட்' கோடை நகலெடுத்து, பிளாகரில் 'எச்டிஎம்எல் வியூ'வுக்கு மாறி ஒட்டுங்கள். கோடில் 'வித்' (width, அகலம்) என்ற இடத்தில் உள்ள எண்ணை அழித்து 100% என்று போடுங்கள். இல்லையென்றால் சின்னத் திரையில் கேள்வி பாதி வெட்டுப்படும். உங்கள் போனிலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். பிள்ளைகளின் பெயரோ முகமோ பதிவில் வேண்டாம்.

படி 5: நேரடி வகுப்பு

ஞாயிற்றுக்கிழமை கூகுள் மீட்டில் அரை மணி நேரம். இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம் வரைதான், நமக்கு அது தாராளம். வகுப்புக்கு முன் ஃபார்மில் 'ரெஸ்பான்ஸஸ்' பக்கத்தைத் திறந்து, எந்தக் கேள்வியில் அதிகம் பேர் தடுமாறினார்கள் என்று பாருங்கள். எனக்கு அது தயிர்க் கேள்வி. தயிர் பட்ட இடம் மஞ்சளாகவே இருந்ததால், 'ஒண்ணும் நடக்கலைங்க மிஸ்' என்று பலர் எழுதியிருந்தார்கள். அந்த ஞாயிறு ஒரு கிண்ணம் தயிரோடுதான் வகுப்பைத் தொடங்கினேன்.