உழுவதற்கு முன் ஒரு பிடி மண்

ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில், அதுவும் ஈரம் மிகுந்திருக்கையில் டிராக்டரை இறக்கி உழுதால், மேல்மண் பொலபொலவென்று தெரிந்தாலும் கொழுவுக்குக் கீழே அடிமண் இறுகி, நீரைத் தடுப்பதோடு பருத்தியின் ஆணிவேரையும் முழங்கைபோல மடக்கிவிடும். ஆகவே, உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, உருண்டையாகப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் உழலாம், உதிராமல் அப்பிக் கிடந்தால், வாடகை டிராக்டர் வரப்பில் வந்து நின்றாலும் ஓரிரு நாள் பொறுப்பதே நல்லது. ஏற்கெனவே இறுகிய நிலத்தை, கோடையில் மண் காய்ந்திருக்கும்போது அடிமண்ணை ஆழமாகக் கீறும் உளிக்கலப்பையால் 0.5 மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக உழுது, ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடவேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும். சேற்றுழவு செய்யும் நெல்வயலுக்கு இது பொருந்தாது. அங்கே தண்ணீரைத் தாங்கி நிறுத்துவதே அந்த இறுக்கம்தான்.