வகுப்பறைக்குள் ஒரு சிறு சந்தை: தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பணத்தைப் பழக்கும் முறை

ஒரு பென்சில் 5 ரூபாய் என்றால் 6 பென்சில்களின் விலை என்ன என்று கேட்டால் தடுமாறாமல் விடை சொல்லும் நான்காம் வகுப்புக் குழந்தை, ஊர்த் திருவிழாவில் கையில் 20 ரூபாயோடு நிற்கும்போது முதலில் கண்ணில் பட்ட பலூனுக்கே அத்தனையையும் கொடுத்துவிட்டு, அடுத்த கடையில் பஞ்சு மிட்டாயைப் பார்த்து அழுகிறது. பெருக்கல் வாய்ப்பாடு அதற்குத் தெரியும். ஒன்றை வாங்கினால் இன்னொன்றை விட வேண்டும் என்பது மட்டும் பழக்கத்தில் இல்லை. அந்தப் பழக்கத்தை வகுப்பறைக்குள் ஏற்படுத்தும் முறைதான் வகுப்பறைப் பொருளாதாரம்: குழந்தைகள் வேலை செய்து, வகுப்புக்கென்றே உருவாக்கிய பணத்தைக் கூலியாகப் பெற்று, சேமிக்கவும் செலவழிக்கவும் செய்கிறார்கள். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இது நன்றாக நடக்கும். அதற்குக் கீழே என்றால் வங்கியை விட்டுவிட்டுக் கடையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: பணத்தை உருவாக்குதல்

நான் முதன்முறை இதைத் தொடங்கியபோது, செலவில்லாமல் கிடைக்கிறதே என்று புளியங்கொட்டையைப் பணமாக அறிவித்தேன். திங்கட்கிழமை வகுப்பில் 300 கொட்டைகள் இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிட்டன, ஏனெனில் ஒவ்வொரு வீட்டிலும் புளி இருந்தது. ஒரு சிறுவன் கால்சட்டைப் பை நிறையக் கொண்டுவந்து கடையிலிருந்த எல்லாப் பென்சில்களையும் விலை பேசினான். பணவீக்கம் என்றால் என்ன என்பதைக் குழந்தைகளுக்கு முன் நானே கற்றுக்கொண்ட வாரம் அது.

ஆகவே, வீட்டில் கிடைக்காத ஒன்றையே பணமாக வையுங்கள். பழைய காலண்டர் அட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டி, உங்கள் கையெழுத்தையோ வகுப்புக்கென்று செய்த ஒரு முத்திரையையோ பதித்தால் போதும். 1, 2, 5, 10 என்ற நான்கு மதிப்புகள் இருந்தால் சில்லறை மாற்றும் பயிற்சியும் சேர்ந்து நடக்கும். பெயரைக் குழந்தைகளே வைக்கட்டும். என் வகுப்பில் அது 'முத்து'. ரூபாய்த் தாளைப் போலத் தோற்றமளிக்கும் எதையும் அச்சிடாதீர்கள். விளையாட்டுக்காகச் செய்தாலும், நாட்டின் குற்றவியல் சட்டமான, 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதாவில் 182ஆம் பிரிவு அதற்கு அபராதம் விதிக்கிறது.

இரண்டாம் படி: வேலைகளைப் பிரித்தல்

வகுப்பில் உண்மையாகவே தேவைப்படும் வேலைகளைப் பட்டியலிடுங்கள்: கரும்பலகையைத் துடைப்பது, கட்டுரை நோட்டுகளை அடுக்கி விநியோகிப்பது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கதைப் புத்தகங்களைக் கணக்கு வைப்பது, மின்விசிறியை நிறுத்துவது, வங்கிக் காசாளர், கடைக்காரர். முப்பது குழந்தைகளுக்கு முப்பது வேலைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பத்து வேலைகளை மூவர் மூவராகப் பகிர்ந்து கொடுக்கலாம். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கழிப்பறையைக் கழுவுவதை எக்காரணம் கொண்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கோலம் போடுவது பெண் பிள்ளைகளுக்கு, மேசை நகர்த்துவது ஆண் பிள்ளைகளுக்கு என்று பிரிக்கவும் வேண்டாம். எந்த வேலை எந்தக் குழந்தையின் தலையில் விழுகிறது என்பதற்கு நம் பள்ளிகளில் ஒரு பழைய வரலாறு இருக்கிறது. சீட்டுக் குலுக்கலை நான் வலியுறுத்துவதற்கு அதுவே காரணம்.

மூன்றாம் படி: கூலியையும் விலையையும் ஒரே தாளில் எழுதுதல்

பெரும்பாலான வகுப்புகளில் இந்த முயற்சி தடம் புரள்வது இங்கேதான். ஆசிரியர் கூலியை ஒரு நாள் தீர்மானிக்கிறார், விலையை வேறொரு நாள் மனம்போன போக்கில் வைக்கிறார். ஒரு மாதத்தில் ஒன்று எல்லாரிடமும் பணம் குவிந்துகிடக்கிறது, இல்லையென்றால் யாராலும் எதையும் வாங்க முடிவதில்லை.

ஒரு நாளைக்கு 2 முத்து, ஐந்து நாளுக்கு 10 முத்து என்று வைத்துக்கொள்வோம். முப்பது குழந்தைகளுக்கு வாரத்துக்கு 300 முத்து வெளியே போகிறது. கடையில் ஒவ்வொருவரும் சராசரியாக 6 முத்து செலவழித்தால் 180 திரும்பி வரும். மீதி 120 வாரந்தோறும் வகுப்பில் தங்கி, நான்கு வாரத்தில் 480 ஆகும். இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிவந்தால், விலையை எப்போது திருத்த வேண்டும் என்பது தானே தெரியும். விலைகளை மூன்று படித்தரங்களில் வையுங்கள்: ஒரு வாரக் கூலிக்குள் வாங்கக்கூடியவை (அழிப்பான் 6, பென்சில் 8), ஒன்றரை வாரம் காத்திருக்க வேண்டியவை (ஒரு வாரத்துக்கு ஜன்னலோர இருக்கை 15), ஒரு மாதம் எதையும் வாங்காமல் இருந்தால் மட்டுமே கிடைப்பவை (ஒரு பாடவேளை ஆசிரியரின் நாற்காலியில் அமர்வது 40). என் அனுபவத்தில் நாற்காலிக்கு இருந்த மவுசு எந்தப் பொருளுக்கும் இருந்ததில்லை. அதற்கு எனக்கு ஒரு ரூபாய்கூடச் செலவும் இல்லை.

முதல் மாதம் எல்லா வேலைக்கும் ஒரே கூலி இருக்கட்டும். அதன்பின், யாருமே விரும்பாத வேலை எது என்று கேட்டு, அதற்கு நாளொன்றுக்கு 3 முத்து என்று ஏற்றிப் பாருங்கள். கூலி ஏன் வேறுபடுகிறது என்ற விவாதத்தைக் குழந்தைகளே தொடங்கிவிடுவார்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையின் கூலியைப் பிடிக்க எனக்கு மனம் வந்ததில்லை. உங்கள் வகுப்பில் அதை வாக்கெடுப்புக்கு விட்டாலும் தவறில்லை.

நான்காம் படி: எதற்குப் பணம் தரக் கூடாது

மதிப்பெண்ணுக்கும், புத்தகம் வாசிப்பதற்கும், சண்டை போடாமல் இருப்பதற்கும் முத்து தராதீர்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தபோது, பிற்பாடு பரிசு இல்லாத நேரத்தில் அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் குறைந்துபோனதைக் கண்டார்கள். விரும்பிச் செய்வதற்குக் கூலி பேசினால் விருப்பம் போய்க் கூலி மட்டும் நிற்கும். அபராதமும் வேண்டாம். வீட்டுப்பாடம் எழுதாததற்கு 5 முத்து என்று விதித்தால், 5 முத்து கொடுத்து எழுதாமல் இருக்கலாம் என்றுதான் கெட்டிக்காரப் பிள்ளை புரிந்துகொள்ளும்.

ஐந்தாம் படி: வங்கியும் கணக்குப் புத்தகமும்

நம்மில் பலர் பள்ளியில், மாணவர்களுக்கான சிறுசேமிப்புத் திட்டமான சஞ்சயிகாவின் சேமிப்புப் புத்தகம் வைத்திருந்தவர்கள். அதே போன்ற ஒன்றை ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுங்கள். நாற்பது பக்க நோட்டை இரண்டாக வெட்டி, தேதி, வரவு, செலவு, இருப்பு என்று நான்கு பத்திகள் கோடிட்டால் போதுமானது. ஒவ்வொரு வரியையும் குழந்தையே எழுத வேண்டும், காசாளர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். இரண்டு வாரம் எடுக்காமல் வைத்த ஒவ்வொரு 10 முத்துக்கும் 1 முத்து வட்டி கொடுங்கள். உண்மையான வங்கி எதுவும் இப்படி வாரிக்கொடுக்காது என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. கடன் கொடுக்கும் ஏற்பாட்டை இந்த வயதில் நான் சேர்ப்பதில்லை; நண்பர்களுக்குள் கைமாற்று நடப்பதைத் தடுக்கவும் இல்லை.

ஆறாம் படி: கடை நாள்

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை கடைக்கு உரியது. விலைப்பட்டியலைப் புதன்கிழமையே சுவரில் ஒட்டிவிட்டால், இரண்டு நாள் யோசித்து வாங்கும் பழக்கம் வரும். வாங்கிய பொருளை வருந்தித் திருப்பித் தர வருபவரிடம் கடைக்காரர் வாங்கிக்கொள்ளக் கூடாது. இது கடுமையாகத் தோன்றலாம், ஆனால் 6 முத்து அழிப்பானில் படும் வருத்தம் திங்கட்கிழமைக்குள் ஆறிவிடும்.

பருவம் முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே, மிஞ்சிய முத்துகள் அடுத்த பருவத்துக்குச் செல்லாது என்று அறிவித்து, கடைசி வெள்ளியன்று ஏலம் நடத்துங்கள். எல்லாரிடமும் பணம் இருப்பதால் 8 முத்துப் பென்சில் 20ஐத் தாண்டும். அப்போது ஏலத்தைச் சற்று நிறுத்தி, பென்சில் மாறியதா, வேறெது மாறியது என்று கேளுங்கள். விடை வர நேரமெடுக்கும், காத்திருங்கள். கணக்குப் புத்தகங்களில் இருப்பு சுழியம் என்று எழுதி முடித்து, அவற்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.